தட்டு சுடாத மைக்ரோவேவில் உருக்காலைச் செங்கல்லைச் சுட முடியுமா? | அடுப்படி அறிவியல்

மதியம் மீந்த சாம்பார் சாதத்தைப் பீங்கான் தட்டில் போட்டு, மைக்ரோவேவ் ஓவனில் 2 நிமிடம் வைக்கிறோம். சத்தம் வந்ததும் திறந்தால் சாதத்தில் ஆவி பறக்கிறது. தட்டின் விளிம்போ கையால் பிடித்துத் தூக்கும் அளவுக்குத்தான் சூடாக இருக்கிறது. அந்தச் சூடும்கூட சாதத்திடமிருந்து தட்டு வாங்கிக்கொண்டதுதான்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? மைக்ரோவேவ் உணவைச் சூடாக்கும், பீங்கானைக் கண்டுகொள்ளாது.

ஆனால், உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இதே மைக்ரோவேவை வைத்து, பீங்கானின் அண்ணன் தம்பிகளான செராமிக் பொருள்களை 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுகிறார்கள். இரும்பே உருகி ஓடும் வெப்பம் அது. அங்கே தயாராகும் பொருள்களில், உருக்காலைகளின் உலைக்கு உள்சுவராக நிற்கும் ரகமும் உண்டு. அதன் பெயர் 'ரிஃப்ராக்டரி'. தமிழில் 'அனல் தாங்கி' எனலாம். ஆலைகளில் வேலை செய்பவர்கள் 'ஃபயர் பிரிக்' என்பார்கள்.

தட்டையே சூடாக்காத கருவி, உலைச் செங்கல்லை எப்படிச் சுடும்? சுட முடியும் என்றால் எல்லா ஆலைகளும் ஏன் இன்னும் மாறவில்லை? இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

உருகாத சுவர்

தங்கம் உருக 1,064 டிகிரி போதும். இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். உருக்காலையில் எஃகுக் குழம்பு 1,600 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குழம்பை ஒரு பாத்திரத்தில் பிடித்தாக வேண்டும். எஃகுப் பாத்திரத்தில் நேரடியாக ஊற்றினால் பாத்திரமும் சேர்ந்து உருகிவிடும். அதனால், பாத்திரத்தின் உள்பக்கம் முழுக்க அனல் தாங்கிச் செங்கற்களை அடுக்குகிறார்கள்.

இந்தச் செங்கற்கள் சாதாரண மண்ணில் செய்யப்படுவதில்லை. அலுமினியம் ஆக்ஸைடான அலுமினா 2,050 டிகிரிக்கு மேல்தான் உருகும். மெக்னீசியம் ஆக்ஸைடான மெக்னீசியாவுக்கு 2,800 டிகிரிக்கு மேல் தேவை. சிர்கோனியாவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

எஃகு மட்டுமல்ல... சிமென்ட் சூளை, கண்ணாடி உருக்கும் தொட்டி, அலுமினியம் வார்க்கும் பட்டறை, எரிவாயு தகன மேடை என நெருப்பு வேலை நடக்கும் எல்லா இடங்களிலும் இவை இருக்கின்றன. உலகில் தயாராகும் அனல் தாங்கிகளில் ஏறக்குறைய 70 சதவிகிதம் இரும்பு, எஃகுத் துறைக்கே போகிறது. ஒருமுறை கட்டிவிட்டால் ஆயுசுக்கும் நிற்காது. எஃகுக் குழம்பும் அதன்மேல் மிதக்கும் கசடும் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

சேலத்தில் ஒரு 'மேக்னசைட் ஜங்ஷன்'

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. சேலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. ஒரு கனிமத்தின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைத்த ஊர் அது. ஏற்காடு மலையின் அடிவாரத்தில் 'சாக் ஹில்ஸ்' என்று ஆங்கிலேயர்கள் பெயர் வைத்த மேட்டு நிலத்தில் இந்த மேக்னசைட் கிடைக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது 'வெள்ளைக்கல்'.

தமிழக அரசின் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் 1979-ல் தொடங்கப்பட்டது இங்கேதான். செயில் நிறுவனத்தின் ரிஃப்ராக்டரி ஆலையும் சேலத்தில் இருக்கிறது. வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லைச் சூளையில் போட்டு 1,500 டிகிரிக்கு மேல் வேகவைத்தால், மேற்கொண்டு எந்த மாற்றமும் அடையாத கெட்டியான மெக்னீசியா கிடைக்கும். அதை அரைத்து, சலித்து, அச்சில் அழுத்தி, மறுபடியும் சூளையில் சுட்டால் செங்கல் தயார்.

கல்லை ஒருமுறை, செங்கல்லை ஒருமுறை என இரண்டு முறை நெருப்பு. எரிபொருள் செலவு எங்கே போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஃப்ரீசருக்குள் ஒரு சூளை

சூளைக்குள் செங்கல்லுக்கு என்ன நடக்கிறது? 'உருகி ஒட்டிக்கொள்கிறது' என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் பெரும்பகுதி உருகுவதே இல்லை.

ஃப்ரீசரில் ஐஸ் கட்டிகளை ஒரு டப்பாவில் கொட்டி, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். உருகாமலேயே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்ந்து பாலம் கட்டிவிடுகின்றன. செராமிக் தூளிலும் இதுதான் நடக்கிறது. உருகுநிலைக்குக் கீழேயே, ஆனால் நல்ல சூட்டில், துகள்களுக்கு நடுவே அணுக்கள் நகர்ந்து பாலம் உருவாகும்; இடையில் இருந்த துளைகள் சுருங்கும்; தூள் கல்லாகும். இதற்குப் பெயர் 'சின்டரிங்'.

பெரிய ஆலைகளில் இதற்கு 'டனல் கில்ன்' என்ற சுரங்கச் சூளை இருக்கிறது. தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் செங்கற்களை அடுக்கி உள்ளே அனுப்புவார்கள். முதலில் மெல்லச் சூடு, நடுவில் உச்ச சூடு, கடைசியில் மெல்லக் குளிர்ச்சி. ஒரு வண்டி மறுமுனையில் வெளியே வரச் சில நாள்கள்கூட ஆகும்.

ஏன் இவ்வளவு நிதானம்? வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செங்கல்லின் மேல்தோல் முதலில் சூடாகும். நடுப்பகுதி கடைசியில்தான் சூடாகும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் ஒரு வேகத்திலும் உள்பக்கம் வேறு வேகத்திலும் விரிந்து சுருங்கும். முடிவில் விரிசல் விழும். அதோடு, வண்டி, சூளைச் சுவர், உள்ளே இருக்கும் காற்று என எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கியாக வேண்டும். எரியும் எரிபொருளில் ஒரு பகுதிதான் செங்கல்லுக்குள் போகிறது.

'நடுவிலிருந்தே சூடாக்கினால் என்ன?' என்ற கேள்வி இங்குதான் பிறந்தது.

நொடிக்கு 245 கோடி முறை

மைக்ரோவேவ் அடுப்பு சமையலறையில் பிறந்த கருவி அல்ல. இரண்டாம் உலகப்போரில் எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்க ரேடார் தேவைப்பட்டது. அதற்கான சக்திவாய்ந்த அலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரான் குழாயை 1940-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் இருவரும் உருவாக்கினர். போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், இயங்கிக்கொண்டிருந்த மேக்னெட்ரானின் அருகே நின்றபோது பாக்கெட்டில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் வந்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு ஏறக்குறைய ஓர் ஆள் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது.

வீட்டு ஓவனில் இந்த அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. உங்கள் வைஃபையும் கிட்டத்தட்ட இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. ஓவன் ஓடும்போது பக்கத்து அறையில் வீடியோ திக்கித் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் லேசான நேர் மின்தன்மையும் மறுமுனையில் எதிர் மின்தன்மையும் உண்டு. அலை திசை மாறும்போதெல்லாம் அதுவும் திரும்ப முயல்கிறது. பக்கத்து மூலக்கூறுகளோடு முட்டி மோதுகிறது. அந்த மோதல்தான் சூடு. அடுப்பில் நெருப்பு பாத்திரத்தைச் சுட்டு, பாத்திரம் உணவைச் சுடுகிறது. இங்கே உணவுக்குள்ளேயே சூடு உற்பத்தியாகிறது.

'மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே சமைக்கும்' என்று சொல்வதைக் கேட்டிருப்போம். உணவைப் பொறுத்தவரை அது முழு உண்மையில்லை. தண்ணீர் நிறைந்த உணவில் அலை சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். மிச்சம் வழக்கமான முறையில்தான் உள்ளே பரவும்.

தட்டு எப்போது 'கண் திறக்கும்'?

இப்போது தட்டுக்கு வருவோம். பீங்கானில், அலுமினாவில், மெக்னீசியாவில் இப்படித் திரும்பி ஆடும் மூலக்கூறுகள் இல்லை. அணுக்கள் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் அலை, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் போவதுபோல ஊடுருவிப் போய்விடுகிறது. (சில மக்குகள் மட்டும் கைசுடும் அளவுக்குச் சூடாவதற்குக் காரணம் உண்டு. மேல்பூச்சில் கலந்திருக்கும் உலோகச் சத்தும், நுண்துளைகளில் ஊறியிருக்கும் ஈரமும்தான் அலையை வாங்கிக்கொள்கின்றன.)

ஆனால், இந்த நிலை குளிர்ந்த செராமிக்குக்குத்தான் பொருந்தும். சூடு சில நூறு டிகிரிகளைத் தாண்டிப் போகப்போக, கட்டுண்டு கிடந்த அயனிகள் இடம்பெயரத் தொடங்குகின்றன. அலையை உறிஞ்சும் திறன் படிப்படியாகக் கூடுகிறது. அறை வெப்பத்தில் அலையைக் கண்டுகொள்ளாத அதே பொருள், நன்றாகச் சூடேறிய பிறகு அலையை ஆவலோடு உறிஞ்சும்.

அப்படியென்றால் ஆரம்பச் சூட்டை மட்டும் யாராவது தந்துவிட்டால் போதும். அந்த வேலையைச் செய்ய ஒரு தரகர் இருக்கிறார். பெயர் சிலிக்கான் கார்பைடு. பெயின்டர்களும் பட்டறைக்காரர்களும் 'வாட்டர் பேப்பர்' என்று சொல்லும் கறுப்பு உப்புத்தாளில் இருக்கும் சொரசொரப்பான தூள் இதுதான். அறை வெப்பத்திலேயே மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சிச் சூடாகும்.

ஆய்வுக்கூட உலையின் அமைப்பு இப்படி இருக்கும்: வெளியே எஃகுப் பெட்டி. உள்ளே அலுமினா நாரால் செய்த தடித்த பெட்டி. அலை இதை ஊடுருவும், வெப்பம் வெளியே போகாது. அதற்குள் சிலிக்கான் கார்பைடு தண்டுகள் அல்லது வளையம். நடுவில் சுட வேண்டிய செராமிக். அலையைத் திறந்ததும் முதலில் சிலிக்கான் கார்பைடு தகதகக்கும். அதன் அனலில் செராமிக் சூடாகும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் செராமிக் நேரடியாக அலையை உறிஞ்ச ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பாதி, உள்ளிருந்து பாதி என்பதால் இதை 'ஹைப்ரிட்' முறை என்கிறார்கள்.

இதே தந்திரம் நம் வீட்டிலும் இருக்கிறது. மைக்ரோவேவ் பாப்கார்ன் பாக்கெட்டின் ஒரு பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அது அலையை உறிஞ்சிச் சூடாகும் மெல்லிய உலோகப் படலம். சோளத்துக்குக் கூடுதல் சூட்டைத் தருவது அதுதான்.

இந்த முறையில் கிடைக்கும் லாபம் என்ன? பல மணி நேரம் ஆகும் சின்டரிங் வேலையைச் சிறிய பொருள்களில் சில பத்து நிமிடங்களில் முடிக்க முடிகிறது. உச்ச சூட்டில் நிற்கும் நேரம் குறைவதால், உள்ளே இருக்கும் படிகங்கள் பெரிதாக வளர்வதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. படிகம் நுணுக்கமாக இருந்தால் பொருள் பொதுவாக உறுதியாக இருக்கும்.

ராஞ்சியில் பிறந்த முன்னோடி

இந்தத் துறையில் தவிர்க்க முடியாத பெயர் ருஸ்தும் ராய். 1924-ல் ராஞ்சியில் பிறந்து, பாட்னாவில் படித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1948-ல் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கேயே பொருளறிவியல் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர்.

அவரும் தினேஷ் அகர்வால் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 1999-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மைக்ரோவேவில் உலோகத்தை வைக்கக் கூடாது என்பது நாம் எல்லோரும் அறிந்த பாடம். உலோகத் தகடு அலையைத் திருப்பி அனுப்பும். கூர்முனைகளில் தீப்பொறி பறக்கும். ஆனால், உலோகத்தைப் பொடியாக்கி அச்சில் அழுத்தி வைத்தால், அது அலையை உறிஞ்சி முழுமையாகச் சின்டர் ஆகிறது என்று இந்தக் குழு காட்டியது. செராமிக்கில் தொடங்கிய ஆராய்ச்சி உலோகத்துக்கும் வழி திறந்தது. ருஸ்தும் ராய் 2010-ல் காலமானார்.

பல் மருத்துவமனைகளில் பொருத்தப்படும் சிர்கோனியா கேப்பும் 1,500 டிகிரியை ஒட்டிச் சின்டர் செய்யப்படும் செராமிக்தான். அதற்கான மைக்ரோவேவ் உலைகள் சந்தைக்கே வந்திருக்கின்றன. பல் அளவில் சிறிய பொருள் என்பதால் அங்கே இது எளிதாகக் கைகூடுகிறது.

அப்புறம் ஏன் செங்கல் ஆலைகள் மாறவில்லை?

'அளவு' என்பதே முதல் பதில். பல் கேப் எங்கே, பல கிலோ எடையுள்ள உலைச் செங்கல் எங்கே!

ஃப்ரீசரில் வைத்த பட்டாணியை ஓவனில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் இருப்பது வெந்துவிடும். நடுவில் இருப்பது ஐஸாகவே இருக்கும். ஐஸைவிடத் தண்ணீர் அலையைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சுவதால் வரும் வினை இது. முதலில் உருகிய இடம் மேலும் மேலும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. செராமிக்கிலும் இதே சிக்கல். தற்செயலாக ஓர் இடம் கொஞ்சம் அதிகமாகச் சூடானால், அந்த இடம் அலையை இன்னும் அதிகமாக உறிஞ்சும், இன்னும் சூடாகும். சில நொடிகளில் கட்டுப்பாடு கைமீறிவிடும். செங்கல்லின் ஒரு மூலை உருகி, மறுமூலை வேகாமல் நிற்கும். விஞ்ஞானிகள் இதை 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள்.

இரண்டாவது, பெட்டிக்குள் அலை சீராகப் பரவாது. சில இடங்களில் வலுவாகவும் சில இடங்களில் பலவீனமாகவும் இருக்கும். வீட்டு ஓவனில் தட்டு சுற்றுவது இந்தக் குறையைச் சமாளிக்கத்தான். டன் கணக்கில் செங்கல் அடுக்கிய வண்டியை அப்படிச் சுற்றவைப்பது லேசான காரியம் இல்லை.

மூன்றாவது, வெப்பத்தை அளப்பதே தலைவலி. சாதாரண உலையில் உலோகக் கம்பியால் ஆன தெர்மோகப்பிளைச் செருகினால் போதும். மைக்ரோவேவில் அந்தக் கம்பியே ஆன்டெனாபோல நடந்துகொண்டு கணக்கைக் குழப்பும். தூரத்திலிருந்து ஒளியை வைத்து அளக்கும் பைரோமீட்டரோ மேல்தோலின் சூட்டை மட்டும்தான் சொல்லும். இங்கே உள்பகுதிதான் அதிகச் சூடு. 'மைக்ரோவேவில் குறைந்த வெப்பத்திலேயே சின்டர் ஆகிறது' என்று சொல்லப்பட்டபோது, 'அது அலையின் மாயமா, அளவைப் பிழையா?' என்று விஞ்ஞானிகளே நீண்ட காலம் விவாதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, மின்சாரக் கணக்கு. வீட்டு ஓவன் 1,200 வாட் மின்சாரம் எடுத்தால், சுமார் 800 வாட்தான் அலையாக மாறும். மிச்சம் மேக்னெட்ரானின் சூடாகவும் மின்விசிறிக் காற்றாகவும் போய்விடும். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அனல்மின் நிலையத்திலும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் வீணாகிறது. எனவே, 'நேரம் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது' என்பதை 'எரிபொருள் பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது' என்று படித்துவிடக் கூடாது. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக்கூட இந்தக் கணக்கு மாறும்.

ஜெயித்த இடம்: ஈரம் போக்கும் வேலை

சுடுவதில் தயங்கி நிற்கும் மைக்ரோவேவ், காயவைப்பதில் நன்றாகவே கால் ஊன்றியிருக்கிறது. தண்ணீரைச் சூடாக்குவதுதானே அதற்குக் கைவந்த கலை!

கார்களின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற செராமிக் கட்டி ஒன்று உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பேக்லி, இர்வின் லேக்மன், ரொனால்டு லூயிஸ் மூவரும் உருவாக்கியது. ஈர மாவை இடியாப்பம்போல அச்சில் பிழிந்து எடுக்கும் இந்தத் தேன்கூட்டின் சுவர்கள் மிக மெல்லியவை. வெளியிலிருந்து காயவைத்தால் வளைந்துவிடும். அதனால் உள்ளும் புறமும் ஒரேசமயத்தில் காய, மின்காந்த அலைகளால் உலர்த்தும் முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

அனல் தாங்கிகளிலும் இப்படி ஒரு வகை இருக்கிறது. பெயர் 'காஸ்டபிள்'. கான்கிரீட்போலத் தண்ணீர் கலந்து அச்சில் ஊற்றி இறுகவைப்பது. இதை முதன்முறை சூடாக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். வெளித்தோல் காய்ந்து இறுகியிருக்க, உள்ளே சிக்கிய நீராவிக்கு வழியில்லாவிட்டால் சுவர் வெடித்துச் சிதறும். பக்கத்தில் தொழிலாளர்கள் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மானாமதுரையில் பானை செய்பவர்களிடம் கேட்டால் இதன் அடிப்படையைச் சொல்லிவிடுவார்கள். புதுப் பானையை முதலில் நிழலில் ஆறவிட்டு, ஈரம் போன பிறகுதான் சூளைக்கு அனுப்புவார்கள். ஈரப் பானை சூளையில் வெடிக்கும்.

ஆலைகளில் இதற்காக மணிக்கு இத்தனை டிகிரி என்று அட்டவணை போட்டு, மிக மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். இன்னொரு உபாயமும் உண்டு. கலவையிலேயே மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சேர்த்துவிடுவார்கள். 170 டிகிரியை நெருங்கும்போது இழை உருகி, அது இருந்த இடம் நீராவி வெளியேறும் குழாயாக மாறிவிடும்.

மைக்ரோவேவ் இங்கே எப்படி உதவும்? உள்பகுதி சூடாகவும் வெளிப்பகுதி சற்றுக் குளிர்ந்தும் இருப்பதால், ஈரம் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. மேல்தோல் முதலில் இறுகி வழியை அடைப்பது குறைகிறது. ஆனால், இதிலும் அவசரம் ஆகாது. ஓவனில் முழு முட்டையை வைத்தால் வெடிப்பது ஏன்? உள்ளே நீராவி உண்டாகும் வேகம், வெளியேறும் வேகத்தை மிஞ்சிவிடுவதால்தான். காஸ்டபிளுக்கும் அதே விதி. குறைந்த சக்தியில் தொடங்கி, எடை குறைவதைக் கவனித்துக்கொண்டே மெல்ல ஏற்ற வேண்டும்.

வெள்ளைக்கல் சொல்லும் இன்னொரு கணக்கு

உலையை மாற்றினால் புகைப் பிரச்னை முழுக்கத் தீருமா? சேலத்து வெள்ளைக்கல்லையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சூட்டில் அது மெக்னீசியாவாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் பிரியும். சுத்தமான 100 கிலோ மேக்னசைட்டை வேகவைத்தால் 48 கிலோ மெக்னீசியா கிடைக்கும். மீதி 52 கிலோ, கார்பன் டை ஆக்ஸைடாகக் காற்றில் கலக்கும். விறகு வைத்துச் சூடாக்கினாலும் சரி, மைக்ரோவேவில் சூடாக்கினாலும் சரி, கல்லுக்குள்ளிருந்து வரும் இந்த 52 கிலோ மாறாது. மைக்ரோவேவால் குறைக்க முடிவது எரிபொருளின் புகையை மட்டும்தான்.

அதேபோல, கல் உடைக்கும் இடத்திலும் தூள் கலக்கும் இடத்திலும் பறக்கும் தூசுக்கும் உலையின் வகைக்கும் சம்பந்தம் இல்லை. சிலிக்கா தூசைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோய் வரும். அதைத் தடுக்கத் தூசு உறிஞ்சும் கருவி, ஈரப்படுத்தி வேலை செய்வது, தரமான முகக்கவசம், முறையான மருத்துவப் பரிசோதனை ஆகியவைதான் வழி. புதிய உலை வந்தாலும் இவை எல்லாம் கட்டாயம் தேவை.

பயன் இல்லாமலும் இல்லை. சூளை வாசலில் அனல் காற்றில் நிற்கும் நேரம் குறையும். சிறிய பட்டறைகள் தேவைப்படும் அளவுக்கு மட்டும் உலையை ஏற்றி இறக்க முடியும். சுரங்கச் சூளையை அப்படி நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. குளிர்ந்து மறுபடி சூடேறினால் சூளையின் சுவரே விரிசல் விடும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வீட்டு மைக்ரோவேவில் கண்ணாடியையும் உலோகத்தையும் உருக்கிக் காட்டும் வீடியோக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பார்த்ததும் செய்து பார்க்க விரல் துறுதுறுக்கும். வேண்டாம். காரணங்கள் இவை:

* சமையல் ஓவனின் பெட்டி, உணவின் சூட்டைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. உள்ளே 1,000 டிகிரி அனல் கசிந்தால் பிளாஸ்டிக் பாகங்களும் கதவும் கெடும். கதவு கெட்டால் அலை வெளியே கசியலாம். தீப்பிடிக்கவும் செய்யலாம்.

* சூட்டைப் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் செராமிக் நார் அட்டையை வெட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. இந்த ரக நார்களை, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது.

* ஓவனைப் பிரித்து மாற்றம் செய்வது உயிருக்கே ஆபத்து. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை ஏற்றும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

* பரிசோதனை செய்த ஓவனில் மறுபடியும் சமைப்பது தவறு. உள்ளே என்ன ஆவி படிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆர்வம் இருக்கும் மாணவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. கொல்கத்தாவில் மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொருளறிவியல், உலோகவியல் படிப்புகளிலும் இந்தப் பாடம் உண்டு. அங்கே சரியான உலையும், அளக்கும் கருவியும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளும் கிடைப்பார்கள்.

அடுத்தமுறை 'மைக்ரோவேவில் சில நிமிடங்களில் செராமிக் தயார்' என்று ஒரு செய்தி உங்கள் போனில் வந்து விழுந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிய பொருள்? நடுப்பகுதியின் சூட்டை எப்படி அளந்தார்கள்? மின்சாரம் எங்கிருந்து வந்தது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது நம்பி மேற்கொண்டு படிக்க வேண்டிய செய்தி.

*(அடுத்த வாரம்: இண்டக்‌ஷன் அடுப்பு, அலுமினியப் பாத்திரத்தை மட்டும் ஏன் கண்டுகொள்வதில்லை?)*